யார் பெயரால் ஆடுகிறார்கள்?

விளையாட்டுச் செய்தி என்றாலே பக்கத்தைப் புரட்டிவிடும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. விளையாட்டுச் செய்தியைத் தவிர வேறெதையும் படிக்காத பிள்ளைகளும் அதே வீடுகளில் உண்டு. இருசாராரும் ஒன்றாக அமர்ந்து படிக்கத்தக்க ஒரு செய்தி ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில், பால்டிக் கடலோரத்தில் இருக்கிறது. அங்கே லிதுவேனியா என்னும் ஒரு சிறு நாடு. அதன் மக்கள் தொகை இன்று ஏறத்தாழ 29 லட்சமே. அந்நாட்டு மக்கள் கூடைப்பந்தாட்டத்தைத் தங்கள் இரண்டாவது மதம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த ஆட்டத்தின் வரலாற்றைச் சற்று ஆழ்ந்து நோக்கினால் அது ஒரு பெயரின் வரலாறாக விரிகிறது. பிறர் அழிக்க முயன்ற பெயரைக் காத்த ஆட்டம் அது. அதே ஆட்டம் இன்று யாருடைய பெயரைச் சுமந்து நிற்கிறது என்ற கேள்வி அந்நாட்டவரையே கவலை கொள்ளச் செய்திருக்கிறது.

ஓர் ஆசிரியர் கண்ட ஆட்டம்

கூடைப்பந்து, ஓர் ஆசிரியரின் சிந்தனையில் உதித்த விளையாட்டாகும். 1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், பனியினால் வெளியே செல்ல இயலாத மாணவர்களை உள்ளரங்கில் ஈடுபடுத்துவதற்காக இதை உருவாக்கினார். பீச் பழம் வைக்கும் இரு கூடைகளை உயரத்தில் மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி வைத்தார். ஆண்டின் பாதி நாட்கள் பனியும் இருளும் சூழ்ந்திருக்கும் லிதுவேனியாவுக்கு இவ்வாட்டம் இயல்பாகவே பொருந்திப் போயிற்று. 1922இல் கௌனஸ் நகரில் அந்நாட்டின் முதல் முறையான போட்டி நடைபெற்றது. தொடக்கத்தில் அதனைப் பெண்களுக்குரிய ஆட்டம் என்றே பலரும் கருதினர்.

அந்த எண்ணம் மாறப் பதினைந்து ஆண்டுகளே தேவைப்பட்டன. 1937இல் லத்வியாவின் ரீகா நகரில் நடைபெற்ற ஐரோப்பிய சாம்பியன் போட்டியில் லிதுவேனிய ஆடவர் அணி முதலிடம் பெற்றது. பிழைப்புக்காக அமெரிக்கா சென்று குடியேறிய லிதுவேனியக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர், பெற்றோரின் மண்ணுக்குத் திரும்பி வந்து ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்ததே இவ்வெற்றிக்குக் காரணம். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த பிரானஸ் லுபினஸ். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் ஆடித் தங்கப்பதக்கம் பெற்ற வீரர் அவர்.

1939இல் அதே போட்டியை நடத்தும் வாய்ப்பு கௌனஸ் நகருக்குக் கிட்டியது. அதற்கென்றே ஓர் அரங்கு எழுப்பினார்கள். கூடைப்பந்துக்கெனத் தனியே கட்டப்பட்ட ஐரோப்பாவின் முன்னோடி அரங்குகளுள் அதுவும் ஒன்று. அங்கு லத்வியாவுக்கு எதிரான கடும் போட்டியில் 37க்கு 36 என ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் லிதுவேனியா வென்றது. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேர நின்றவர் லுபினஸ். அரங்கில் ஆரவாரம் அடங்கி ஓராண்டு சற்றே கடந்தபின், 1940 ஜூனில், சோவியத் படை நாட்டுக்குள் நுழைந்தது. பின்னர் ஜெர்மானிய நாஜிகள் வந்தனர். 1944இல் மீண்டும் சோவியத் ஆட்சி. உலக வரைபடத்திலிருந்து லிதுவேனியா என்னும் சுதந்திர நாட்டின் பெயர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மறைந்து போயிற்று.

பசுங்காடு என்ற பெயர்

நாட்டின் பெயரைச் சொல்ல முடியாத காலத்தில் மக்கள் ஒரு கழகத்தின் பெயரைச் சொன்னார்கள். 1944இல் கௌனஸில் தோன்றிய அக்கழகத்தின் பெயர் ஜல்கிரிஸ். 'பசுங்காடு' என்பது அதன் பொருள். 1410ஆம் ஆண்டு லிதுவேனியரும் போலந்துக்காரரும் இணைந்து, ட்யூட்டானிக் வீரசங்கம் எனப்பட்ட ஜெர்மானியப் படையை முறியடித்த போர்க்களத்தின் பெயர் அது. ஜெர்மனியோடு போரிட்டுக்கொண்டிருந்த சோவியத் ஆட்சியாளர்களின் காதுக்கு அப்பெயர் உறுத்தலாக இல்லை. லிதுவேனியரின் காதுக்கோ அது தங்கள் முன்னோரின் வெற்றியை நினைவூட்டும் பெயர்.

நம் வாசகர்கள் அறிந்துகொள்ளத்தக்க செய்தி ஒன்றும் இங்கே உண்டு. 1410ஆம் ஆண்டுப் போரில் லிதுவேனிய மன்னர் வித்தாவ்தாஸின் பக்கம் நின்று போரிட்டவர்களுள் தாத்தாரிய முஸ்லிம் குதிரை வீரர்களும் இருந்தனர். அம்மன்னர் காலத்தில் குடியேறிய தாத்தாரியரின் வழித்தோன்றல்கள் அறுநூறு ஆண்டுகளாக அந்நாட்டில் வாழ்கின்றனர். 1930களின் தொடக்கத்தில் கௌனஸில் எழுப்பப்பட்ட பள்ளிவாசலுக்கு வித்தாவ்தாஸின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. ஆக, ஜல்கிரிஸ் என்ற பெயரில் அந்தச் சிறுபான்மையினருக்கும் ஒரு பங்கு உண்டு எனலாம்.

சோவியத் ஒன்றியத்தின் சாம்பியன் பட்டத்தை ஜல்கிரிஸ் 1947இலும் 1951இலும் வென்றது. அதன்பின் நீண்ட காலம் மாஸ்கோவின் இராணுவ அணியான சி.எஸ்.கே.ஏ. கோலோச்சியது. நாட்டின் எந்த மூலையில் திறமை தென்பட்டாலும் அதைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் வலிமை அந்த அணிக்கு இருந்தது. அந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் கௌனஸில் 1964இல் பிறந்த அர்விதாஸ் சபோனிஸ். 2 மீட்டர் 21 சென்டிமீட்டர் உயரம் கொண்ட அவர், உயரமானவர் வளையத்தருகே நின்றால் போதும் என்ற பழைய எண்ணத்தை மாற்றி, பந்தைப் பகிர்ந்தளிக்கும் கலையில் குள்ளமான வீரர்களுக்கு நிகராக விளங்கினார். 1985, 1986, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஜல்கிரிஸ் மாஸ்கோ அணியை வீழ்த்திப் பட்டம் வென்றது. கொடி ஏற்ற உரிமையற்ற ஒரு மக்களுக்கு அந்த வெற்றிகள் எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியில் சபோனிஸ், மார்ச்சுலியோனிஸ், குர்தினைதிஸ், ஹோமிச்சியுஸ் ஆகிய நால்வர் லிதுவேனியர். பதக்கம் அவர்களின் கழுத்தில் விழுந்தது. பெயரோ சோவியத் ஒன்றியத்தின் கணக்கில் எழுதப்பட்டது.

நாணயத்துக்கு முன் பிறந்த லீக்

1990 மார்ச் 11 அன்று லிதுவேனியா விடுதலையை அறிவித்தது. இரண்டாண்டுகளுக்குப் பின் பார்சிலோனா ஒலிம்பிக்கில் பங்கேற்கும் உரிமை கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்த சாருனஸ் மார்ச்சுலியோனிஸ் நன்கொடை திரட்டினார். 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் அமெரிக்க இசைக்குழு உதவ முன்வந்து, லிதுவேனியக் கொடியின் மஞ்சள், பச்சை, சிவப்பு வண்ணங்கள் குழைந்த சட்டைகளையும் அனுப்பியது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது, முன்னாள் சோவியத் குடியரசுகளின் வீரர்களைக் கொண்ட கூட்டு அணி. 82க்கு 78 என லிதுவேனியா வென்றது. அரை நூற்றாண்டுக்கு முன் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்ட பெயர் பதக்கப் பட்டியலில் ஏறிற்று.

அதே மார்ச்சுலியோனிஸ் முன்னின்று 1993 ஏப்ரல் 22 அன்று லிதுவேனியக் கூடைப்பந்து லீக்கை நிறுவினார். அதன் முதல் தலைவரும் அவரே. அந்தத் தேதியைக் கவனியுங்கள். நாட்டின் சொந்த நாணயமான லித்தாஸ் புழக்கத்துக்கு வந்தது அதே ஆண்டு ஜூன் 25 அன்று. கடைசி ரஷ்யத் துருப்புகள் வெளியேறியது ஆகஸ்ட் 31 அன்று. நாணயம் அச்சாகி வருமுன்னும் அந்நியப் படை அகலுமுன்னும் அந்நாட்டவர் தங்களுக்கென்று ஒரு லீக்கை ஏற்படுத்திக்கொண்டனர். பசியும் விலையேற்றமும் வாட்டிய நாட்களில் இது தேவையா என்று கேட்டவர்களும் இருந்திருக்கலாம். ஆயினும் தொழில்முறை ஆட்டம் உள்நாட்டில் இல்லையேல் நல்ல வீரர்கள் அனைவரும் வெளிநாடு சென்றுவிடுவர். சிறுவர்கள் நேரில் கண்டு கற்க எவரும் எஞ்சமாட்டார்கள். இதனை நிறுவனர்கள் உணர்ந்திருந்தார்கள். மார்ச்சுலியோனிஸ் தலைநகர் வில்னியஸில் தம் பெயரால் ஒரு கூடைப்பந்துப் பள்ளியையும் தொடங்கினார். லீக் வாசல் என்றால், பள்ளி அதன் படிக்கட்டு ஆகும்.

பாலும் கம்பியும் ஆறும்

லீக்கின் அமைப்பு எளிமையானது. அணிகளின் எண்ணிக்கை அண்மைக் காலத்தில் பத்தை ஒட்டியே இருந்து வருகிறது. இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த கோடையின் தொடக்கம் வரை ஆட்டங்கள் நடைபெறும். ஓர் ஆட்டம் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு கொண்டது. ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு பலமுறை மோதிய பின், முதல் எட்டு இடங்களைப் பெறுவோர் இறுதிச் சுற்றுகளுக்குச் செல்வர். அங்கே ஒரே ஆட்டத்தில் தலைவிதி முடிந்துவிடாது. தொடராக ஆடி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெற்றி பெறுபவரே அடுத்த கட்டம் செல்வர். ஒருநாள் அதிர்ஷ்டத்தை நம்பியவர் இம்முறையில் தேறுவது அரிது. லீக்குக்குக் கீழே இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைப் போட்டிகளும் உண்டு.

இந்த லீக்கின் அழகு அதன் சிற்றூர்களில் இருக்கிறது. கழகங்களின் பெயர்களைப் பாருங்கள். கெதைனியாய் ஊரின் கழகம் அவ்வூர் வழியே ஓடும் நெவேஜிஸ் ஆற்றின் பெயரைத் தாங்கியது. துறைமுக நகரமான கிளைப்பெடாவின் கழகம், உரோமர்களின் பழங்கதையில் கடலுக்குரிய நெப்டியூனின் பெயரைப் பெற்றது. பனவேஜிஸ் நகரின் லியத்காபெலிஸ், மின்கம்பி உற்பத்தி செய்யும் ஆலையின் பெயரால் அமைந்தது. சில ஆயிரம் பேரே வாழும் பஸ்வலிஸ் என்னும் ஊரின் கழகத்துக்குப் பெயர் 'பால் நட்சத்திரங்கள்'. அக்கழகத்தைத் தாங்கிய பால் பதனிடும் நிறுவனத்தின் பெயர் அது. வில்னியஸின் பழைய கழகமான 'ஸ்தாத்திபா', அதாவது 'கட்டுமானம்', 1997இல் ஒரு நாளிதழின் கைக்கு வந்து அவ்விதழின் பெயரையே பெற்றது. 'லியதுவோஸ் ரீத்தாஸ்', அதாவது 'லிதுவேனியாவின் காலை' என்பது அது. இன்று அதைச் சுருக்கமாக ரீத்தாஸ் என்கின்றனர்.

ஆறு, கடல், பால், மின்கம்பி, நாளிதழ் என எல்லாமே அந்த ஊர் மக்களின் வாழ்வோடும் உழைப்போடும் தொடர்புள்ள பெயர்கள். நிறுவனம் பணம் தந்தது உண்மை. விளம்பரம் தேடியதும் உண்மை. எனினும் பால் விற்பவர் தரும் பணத்தில் பிள்ளை ஆடுவதால் எந்த வீட்டின் அடுப்பும் அணைந்துவிடாது.

சிற்றூர்க் கழகத்தின் நிலை எவ்வளவு மெலிந்தது என்பதற்குப் பிரியனாய் ஓர் எடுத்துக்காட்டு. பத்தாயிரத்துக்கும் குறைவானோர் வாழும் ஊர் அது. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் பரபரப்பு மிகுந்த பால் குடும்பத்துச் சகோதரர்கள் லியாஞ்சலோ, லமெலோ இருவரும் அவ்வூரின் வித்தாவ்தாஸ் கழகத்தில் சேர்ந்தனர். இளையவர் லமெலோவுக்கு அப்போது வயது 16. அக்குடும்பத்தின் காலணி நிறுவனப் பெயராலேயே அங்கு ஒரு நட்பாட்டத் தொடரும் நடத்தப்பட்டது. தொலைக்காட்சிக் கருவிகள் சிற்றூரை முற்றுகையிட்டன. பருவம் முடியுமுன்னரே, ஏப்ரலில், குடும்பம் புறப்பட்டுச் சென்றுவிட்டது. 2020இல் லமெலோ அமெரிக்காவின் என்.பி.ஏ. தேர்வில் மூன்றாமிடம் பெற்றார். பிரியனாய் ஊருக்குப் பழைய அமைதி திரும்பியது. வெளியிலிருந்து வரும் பெயர் எவ்வளவு விரைவாக வருமோ அவ்வளவு விரைவாகப் போய்விடும்.

இரு கரங்களில் கோப்பை

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 1994 முதல் 2025 வரை நிறைவுற்ற 32 பருவங்களில் சாம்பியன் பட்டம் இரண்டே கழகங்களிடம் சென்றிருக்கிறது. ஜல்கிரிஸ் 25 முறையும் ரீத்தாஸ் 7 முறையும் வென்றுள்ளன. 2011 முதல் 2021 வரை தொடர்ந்து பதினொரு முறை கோப்பை கௌனஸிலேயே தங்கிவிட்டது. நெப்தூனஸ், லியத்காபெலிஸ் போன்ற கழகங்கள் இறுதிச் சுற்றை எட்டியதோடு நின்றுவிட்டன.

காரணம் விளங்காத ஒன்றன்று. ஜல்கிரிஸ் உள்நாட்டு லீக்கோடு ஐரோப்பாவின் உச்சப் போட்டியான யூரோலீகிலும் ஆடுகிறது. 1999இல் மூனிக் நகரில் இத்தாலியின் பொலோனியா அணியை 82க்கு 74 என வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையையே வென்ற கழகம் அது. 2018இல் சாருனஸ் யாசிகெவிச்சியுஸ் பயிற்சியில் மூன்றாமிடம் பெற்றது. 2011இல் திறக்கப்பட்ட அதன் புதிய அரங்கில் சுமார் பதினைந்தாயிரம் பேர் அமரலாம். கௌனஸின் மக்கள் தொகையோ ஏறத்தாழ மூன்று லட்சம். அதாவது ஊரில் இருபது பேருக்கு ஓர் இருக்கை! அவ்வரங்கு நிரம்பி வழியும்போது வரும் வருவாய்க்கும், சில நூறு பேர் கூடும் சிற்றூர் அரங்கின் வருவாய்க்கும் ஒப்பீடே கிடையாது. பாலும் மின்கம்பியும் தரும் பணத்தால் அந்த இடைவெளியை அடைக்க முடியாது.

இன்னொரு குறை, அல்ல, துயரம் என்றே சொல்லலாம். விடுதலையின்போது சுமார் 37 லட்சமாக இருந்த மக்கள் தொகை இன்று 29 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபின் வேலை தேடி மேற்கு நாடுகளுக்குச் சென்றோர் ஏராளம். பிள்ளைகள் குறைந்தால் பள்ளி குறையும். பள்ளி குறைந்தால் ஆட்டக்காரர் குறைவர். 1992 முதல் 2016 வரை ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் ஆடிய லிதுவேனியா, 2021இல் தன் சொந்த கௌனஸ் அரங்கிலேயே ஸ்லோவீனியாவிடம் தோற்று டோக்கியோ வாய்ப்பை இழந்தது. பாரிஸ் 2024க்கும் தகுதி பெறவில்லை. அதே நாடு 2023 உலகக்கோப்பையில், மணிலாவில், அமெரிக்காவை 110க்கு 104 என வீழ்த்தியது என்பதையும் மறந்துவிடலாகாது. உயிர் இருக்கிறது; தளர்ச்சியும் இருக்கிறது.

சட்டையில் ஏறிய சூது

வருவாய் மெலிந்த வீட்டுக்கு வட்டிக்காரர் தேடி வருவது உலக வழக்கம். மெலிந்த கழகங்களைத் தேடி வந்தவர்கள் பந்தயச் சூதாட்ட நிறுவனத்தார். யார் வெல்வார், எத்தனை புள்ளியில் வெல்வார், அடுத்த புள்ளி யாருக்கு என்று தொலைபேசியிலேயே பணம் கட்டும் சூது அது. முதலில் அரங்கின் விளம்பரப் பலகையில் அவர்கள் பெயர் தோன்றியது. பின் சட்டையின் மார்பில் ஏறியது. பின் கழகத்தின் பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. 'சிபெட்' யோனவா, '7பெட்' லியத்காபெலிஸ், 'யூனிகிளப் கசினோ' யுவெண்டஸ் என்றெல்லாம் அண்மை ஆண்டுகளில் கழகங்கள் அழைக்கப்பட்டன. இறுதியில் லீக்கின் பெயரே விலை போயிற்று. 'பெட்சேஃப்' லீக் என்றும், பின்னர் 'பெட்சன்' லீக் என்றும் அது வழங்கப்பட்டது. இரண்டும் பந்தய நிறுவனங்களின் வணிகப் பெயர்கள்.

1993இல் நாணயம் வருமுன்னரே தன் பெயரை நிலைநாட்டப் பிறந்த ஒரு லீக் இது. மாஸ்கோவுக்கு விட்டுக்கொடுக்காத பெயரை அது பந்தயக் கடைக்கு வாடகைக்கு விட்டது.

இதில் என்ன கேடு என்று கேட்போர் உண்டு. "பணம் வந்தது, பிள்ளைகளுக்குப் பயிற்சி கிடைத்தது, விருப்பமில்லாதவர் பந்தயம் கட்டாமல் இருக்கட்டுமே" என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்தப் பணம் இல்லாதிருந்தால் சில சிற்றூர்க் கழகங்கள் கதவை மூடியிருக்கக்கூடும். ஆயினும் இரண்டு செய்திகளைச் சிந்திக்க வேண்டும்.

ஒன்று, பால் நிறுவனம் லாபம் பெறுவது பால் குடிப்பவர் பயனடையும்போது. பந்தய நிறுவனம் லாபம் பெறுவதோ பந்தயம் கட்டுபவர் இழக்கும்போது மட்டுமே. ஆகவே கழகத்துக்கு அது தரும் ஒவ்வொரு காசும், அக்கழகத்தை நேசிக்கும் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து முன்பே எடுக்கப்பட்ட காசாக இருக்க வாய்ப்புண்டு. அரங்கில் கைதட்டும் தந்தையின் சம்பளம் சுற்றி வந்து மகனின் சட்டையாகிறது. வழியில் பெரும்பகுதி தரகரிடம் தங்கிவிடுகிறது.

இரண்டாவது, பிள்ளைகள் வீரரை முழுமையாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். அவர் பந்தை எறியும் முறையைப் பின்பற்றும் பத்து வயதுச் சிறுவன் அவர் மார்பில் எழுதியிருப்பதையும் நம்புகிறான். சூதாட்டம் தவறு என்று வகுப்பில் நூறு முறை சொன்னாலும், அவன் போற்றும் வீரர் அதற்கு நேர்மாறானதை நெஞ்சில் சுமந்து நின்றால் எந்தப் பாடம் மனத்தில் தங்கும்? ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் விடை தெரியும். சூதை விலக்கியுள்ள மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் என்ற முறையில் நமக்கு இது புதிய அறிவுரை அன்று. ஆனால் நம் மார்க்கத்தைச் சேராத ஒரு நாட்டு மக்கள் தங்கள் பட்டறிவாலேயே இதே முடிவை நோக்கி நடந்திருப்பது கருதத்தக்கது.

ஒரு சட்டமும் ஒரு சோதனையும்

2023-24இல் லிதுவேனியாவை ஒரு செய்தி உலுக்கியது. முதலீட்டு நிதி ஒன்றை நிர்வகித்த ஒருவர் கோடிக்கணக்கான யூரோவை எடுத்துச் சூதாட்டத்தில் இழந்தார் என்ற குற்றச்சாட்டே அது. அதைத் தொடர்ந்து எழுந்த விவாதத்தின் விளைவாக அந்நாட்டு நாடாளுமன்றம் சூதாட்ட விளம்பரங்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஜூலை முதல் விளம்பரங்களைப் படிப்படியாகச் சுருக்கி, 2028இல் தடையை முழுமையாக்குவது என்பது அதன் போக்கு. விளையாட்டுக் கழகங்கள் திடீரென்று தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காகவே இடைக்காலம் அளிக்கப்பட்டது.

இனிதான் சோதனை. பந்தயப் பணம் விலகியபின் அந்த இடத்தை யார் நிரப்புவார்? பாலும் மின்கம்பியும் திரும்பி வருமா? நகராட்சிகளும் ஊர்மக்களும் கூடுதலாகத் தோள்கொடுப்பார்களா? இரு பெருங்கழகங்கள் தங்கள் வருவாயிலிருந்து சிறியவற்றுக்கு ஏதேனும் விட்டுக்கொடுக்குமா? சிற்றூர்க் கழகங்கள் ஒன்றிரண்டு மூடப்படுமானால் அதன் இழப்பை முதலில் உணர்பவர்கள் அந்த ஊர்ச் சிறுவர்களே. உதேனா போன்ற சிறு நகரில் பிறந்து என்.பி.ஏ. வரை உயர்ந்த யோனஸ் வலன்சியூனஸ் போன்றவர்கள், தாங்கள் பிறந்த ஊரிலேயே பந்தும் வளையமும் இருந்ததால்தான் உருவானார்கள். சட்டம் இயற்றுவது எளிது; அதன் விலையைச் செலுத்துவோர் யார் என்பதே கடினமான கேள்வி.

அந்த விலையைச் செலுத்தும் தெம்பு லிதுவேனியருக்கு உண்டு என்றே அவர்களின் வரலாறு சொல்கிறது. உலகப்போரின் விளிம்பில் அரங்கு கட்டியவர்கள் அவர்கள். கொடியில்லாக் காலத்தில் ஒரு காட்டின் பெயரைக் கொண்டு தம் பெயரைக் காத்தவர்கள். கையில் காசில்லாதபோது பிறர் அனுப்பிய சட்டையை அணிந்து சென்று பதக்கத்தோடு திரும்பியவர்கள். அப்போதும் அச்சட்டையில் இருந்தவை அவர்களுடைய கொடியின் வண்ணங்களே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

நம் பிள்ளைகளும் விளையாட்டை நேசிக்கிறார்கள். நேசிக்கட்டும், ஓடட்டும், வியர்க்கட்டும், தோற்கவும் பழகட்டும். உடலை வலுப்படுத்தும் ஆட்டத்தைப் பெற்றோர் தடுக்கத் தேவையில்லை. ஆனால் அடுத்த முறை பிள்ளையோடு அமர்ந்து ஓர் ஆட்டத்தைக் காணும்போது, யார் வென்றார் என்பதோடு நிறுத்திவிடாமல் இன்னொன்றையும் கேளுங்கள்: "அந்தச் சட்டையில் எழுதியிருப்பது யாருடைய பெயர்? அவர் எதை விற்கிறார்?" பிள்ளை விடை சொல்லட்டும். விடை தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள்.